ஐயரம்மாவின் பிரசங்கங்கள்

பேக்கரித் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்காக நின்ற ஒரு மதியம், தலையில் போட்டிருந்த வலையைக் கழற்ற மறந்துவிட்டேன். கோட்டின் கைகளில் மா காய்ந்துபோயிருந்தது. சிவப்பு விளக்குக்காக நின்ற ஒரு காருக்குள்ளிருந்து எங்கள் சபைச் செயலாளரின் மனைவி என்னைப் பார்த்தார். நான் கையை உயர்த்தினேன். அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை பிக்கரிங்கில் இருந்த தங்கள் பெரிய வீட்டிலிருந்து புருஷனும் மனைவியுமாக எங்கள் டோர்செட் பார்க் அப்பார்ட்மெண்டுக்கு வந்துசேர்ந்தார்கள்.

என் கணவர் போதகர். யாழ்ப்பாணத்தில் எங்கள் சபைக்காரர் போதகரை ஐயர் என்பார்கள். அவருடைய மனைவி ஐயரம்மா. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்தபோது அந்தப் பெயரும் எங்களோடு விமானம் ஏறி வந்தது. ஸ்காபரோவில் ஒரு வெள்ளைக்காரச் சபையின் தேவாலயத்தை ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்களுக்குத் தந்திருந்தார்கள். அவர்கள் காலை ஆராதனை முடித்துக் கோப்பி குடித்துவிட்டுப் போன பிறகு நாங்கள் உள்ளே போவோம்.

செயலாளர் ஊரில் வங்கி முகாமையாளராக இருந்தவர். இங்கே கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். சபைக்கு வரும்போது மட்டும் பழைய முகாமையாளராக மாறிவிடுவார். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு தொடங்கினார்.

“அம்மா, குறை நினைக்கக் கூடாது. நீங்கள் பக்ரறிக்குப் போறது சபைக்கு அழகில்லை.”

“அண்ணை, நீங்களும் பக்ரறிக்குத்தானே போறியள்?”

“நாங்கள் வேறை. நீங்கள் ஐயரம்மா.”

“ஐயரும் செக்யூரிட்டி வேலை செய்யிறார். யூனிஃபோர்மோடை கடை வாசல்லை நிக்கிறார்.”

“அது ஊழியம்,” என்றார். “அப்போஸ்தலர்மாரும் கையாலை உழைச்சுத்தான் சாப்பிட்டவை. ஐயர் செய்தா அது தாழ்மை. நீங்கள் செய்தா, ஐயராலை பெஞ்சாதியை வைச்சுப் பாக்க ஏலேல்லை எண்டுதான் சனம் கதைக்கும்.”

அவருடைய மனைவி சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். சீனி எப்போதோ கரைந்திருக்கும். கடைசியில், “யோசிப்பம்,” என்றார்.

நான் யோசிக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு வழமைபோல் போய் மஃபின்களைப் பெட்டியில் அடுக்கினேன். ஆனால் அந்த “யோசிப்பம்” என்னோடு பேக்கரிவரைக்கும் வந்தது.

இந்த வேலை வேண்டாம் என்றவர்கள் மற்ற வேலை எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஞாயிறு பள்ளிக்கூடம் என்னுடையது. கீபோர்டும் என்னுடையது. பிள்ளை பெற்றவளுக்குச் சாப்பாடு கொண்டு போவது, வெல்ஃபெயர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பது, ஆஸ்பத்திரியில் இருக்கிற கிழவருக்கு ஜெபப் புத்தகம் வாசிப்பது, புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்தவளைச் சமையலறையில் வைத்து அழவிடுவது, நத்தார்ப் பண்டிகைக்கு நூற்றுக்கணக்கில் இறைச்சி ரோல்ஸ் சுற்றுவது. சபையின் ஆண்டறிக்கையில் இவ்வளவும் ஒரே வரியில் வரும்: ‘ஐயரம்மாவின் ஒத்தாசைக்கு நன்றி.’

ஊரில் நான் பெண்கள் கல்லூரி ஒன்றில் ஒன்பது வருஷம் சரித்திரம் படிப்பித்தவள். அந்தச் சான்றிதழ்கள் இங்கே செல்லாது என்றார்கள். சில பாடங்களை இங்கே திரும்பவும் எடுத்தால் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அதனால் வாரத்தில் ஒரு நாள், வேலை முடிந்து, பல்கலைக்கழகத்தில் பின்னேர வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கத்தைப் பற்றிய பாடம். அந்த நேரத்துக்கு வேறு பாடம் இல்லை என்பதால்தான் எடுத்தேன். அது என்னையே பற்றிய பாடமாக இருக்கும் என்று யார் கண்டது?

மூன்றாவது கிழமை கிராமத்துக் குருமார் பற்றி வாசித்தோம். குருவானவர் கனவான்களோடு மேசையில் உட்காரலாம். ஆனால் அவர்களைப் போல் வசதி இல்லை. வசதி இருப்பதுபோல் வீட்டை நடத்திக் காட்டுவது மனைவியின் வேலை. ஏழைகளின் குடிசைக்குச் சூப் கொண்டு போவது, ஞாயிறு பள்ளிக்கூடம் நடத்துவது, பாடகர் குழுவைப் பழக்குவது, புருஷனின் பிரசங்கத்தைச் சுத்தமாகப் படியெடுத்துக் கொடுப்பது எல்லாம் அவள்தான். எதற்கும் பதவி இல்லை, சம்பளம் இல்லை. கூலிக்கு வேலை செய்தால் அவள் சீமாட்டி இல்லை என்று ஆகிவிடும். புருஷன் இறந்தால் சபை கொடுத்த குருமனை வீடு அடுத்த குருவானவருக்கு. விதவையும் பெண்பிள்ளைகளும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்தப் பெண்பிள்ளைகளுக்கு மரியாதை கெடாமல் கிடைக்கக்கூடிய வேலை, இன்னொருவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது. அங்கே அவள் வேலைக்காரரோடும் சேர மாட்டாள், வீட்டுக்காரரோடும் சேர மாட்டாள்.

பேக்கரியின் சாப்பாட்டு அறையில் இருந்துகொண்டு இதை வாசித்தேன். பக்கத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். “என்ன, கெட்ட செய்தியா?” என்று கேட்டாள். அவ்வளவுக்கு என் முகம் மாறியிருந்திருக்கிறது.

வகுப்பில் பெரும்பாலும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். ஒரு பெண்மணி, அந்தக் குருமனை வாழ்க்கை எவ்வளவு அழகாக இருந்திருக்கும், தோட்டமும் தேநீரும் என்றார். பேராசிரியர் எல்லோரையும் சுற்றிப் பார்த்துவிட்டு, இதுவரை வாய் திறக்காத என்னிடம் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்.

“என் கணவர் ஒரு குருவானவர். இதில் வருகிற மனைவி நான்தான்,” என்றேன்.

அவர் அன்பாகத்தான் சிரித்தார். “உங்கள் கலாச்சாரத்திலும் இப்படி இருப்பது சுவாரசியமானது.”

“இது எங்கள் கலாச்சாரம் இல்லை, சேர். நீங்கள் கப்பலில் அனுப்பியது. உங்கள் மிஷனரிமாரின் மனைவிமார்தான் எங்கள் பாட்டிமாருக்கு லேஸ் பின்னவும் ஆர்மோனியம் வாசிக்கவும் படிப்பித்தார்கள். ஒரு போதகரின் மனைவி எப்படி உட்கார வேண்டும், யாரோடு உட்காரக்கூடாது என்பதையும் அவர்களேதான் படிப்பித்தார்கள். நீங்கள் அதை விட்டுவிட்டீர்கள். நாங்கள் இன்னும் வைத்திருக்கிறோம்.”

பேராசிரியர் தன் குறிப்பைப் பார்த்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

பஸ்ஸில் வரும்போது என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. நான் சொன்னது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. யாரோடு உட்காரக்கூடாது என்பதை எங்களுக்கு ஒரு வெள்ளைக்காரியும் படிப்பிக்கத் தேவையில்லை. ஊரில் எங்கள் குருமனையில் உடுப்புத் தோய்க்க ஒரு அம்மா வருவார். என் தாயின் வயது. அவருக்குத் தேநீர் கொடுக்க என்று பின் விறாந்தையில் ஒரு தகரப் பேணி தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தோம். தேவாலயத்தில் அவர் கடைசி வரிசை வாங்கில்தான் இருப்பார். நான் ஆர்மோனியம் வாசித்து முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் போய்த் திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்குவேன். அந்தப் பேணியை நான் வைக்கவில்லை, எனக்கு முன்னமே இருந்தது என்று சொல்லலாம். ஆனால் நான் அதை எடுக்கவுமில்லை. என்னைக் கீழே இறக்கியதற்காகவா கோபப்படுகிறேன், அல்லது கீழே என்று ஓரிடம் இருப்பதற்காகவா?

பிரசங்கங்களைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கலியாணம் செய்த புதிதில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். கொஞ்சக் காலத்தில் ஒரு சொல்லை மாற்றினேன். பிறகு ஒரு பந்தியை. ரொறன்ரோவுக்கு வந்து, அவர் செக்யூரிட்டி வேலையும் சபை வேலையுமாகக் களைத்துப்போன பிறகு, செவ்வாய்க்கிழமை வேத பகுதியைச் சொல்லுவார். வெள்ளிக்கிழமை நான் ஐந்து பக்கம் கொடுப்பேன். அவருக்கு நல்ல குரல். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தாழ்த்த வேண்டும் என்று தெரியும். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது சனம் அவருடைய கையைப் பிடித்து, “ஐயா, இண்டைக்கு எனக்கெண்டே சொன்ன மாதிரி இருந்தது,” என்பார்கள். அவர் தலையைக் குனிவார். நான் உள்ளே கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் எனக்கு அது பெருமையாக இருந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

அந்தப் பனிக்காலத்தில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. இருதயத்தில் சத்திரசிகிச்சை செய்தார்கள். மூன்று மாதம் பிரசங்கம் வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம் என்றார் வைத்தியர். சபைக் கமிற்றி ஆஸ்பத்திரியின் சாப்பாட்டுச்சாலையிலேயே கூடியது. ஐந்து ஆண்கள். நான் பக்கத்து மேசையில் என் கணவருக்கு வாங்கிய சூப்போடு இருந்தேன்.

எங்களுக்கு இடம் தந்த வெள்ளைக்காரச் சபைக்கு அந்த வருஷம்தான் ஒரு பெண் குருவானவர் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். செய்தி கேட்டதும், ஐயர் சுகமாகி வரும் வரைக்கும் மாதத்தில் ஒரு ஞாயிறு தானே வந்து திருவிருந்து கொடுப்பதாகச் சொல்லியனுப்பினார். தமிழில் சில வசனங்களை எழுதித் தந்தால் பழகிக்கொள்வேன் என்றும் சொல்லியிருந்தார்.

“அது சரிவராது,” என்றார் செயலாளர். “பொம்பிளையின்ரை கையாலை திருவிருந்து வாங்க எங்கடை சனம் எழும்பி வராது.”

“ஆரைக் கேட்டனியள், அண்ணை?” என்றேன் பக்கத்து மேசையிலிருந்து.

“கேக்கத் தேவையில்லை. எங்களுக்குத் தெரியும்.” பிறகு குரலை மென்மையாக்கிக்கொண்டு, “நீங்களே ஃபோன் எடுத்துச் சொல்லிவிடுங்கோ அம்மா. உங்கடை இங்கிலிஷ் நல்லது. மனம் நோகாமல் சொல்லுங்கோ,” என்றார்.

நான் அதைச் செய்தேன். இன்றுவரை எனக்கு வெட்கமாக இருக்கிற காரியங்களில் அது ஒன்று. ஆஸ்பத்திரிப் பொதுத் தொலைபேசியில் நின்று, நாங்கள் வேறு ஒழுங்கு செய்திருக்கிறோம், உங்கள் அன்புக்கு நன்றி என்றேன்.

“நீங்கள் மிகவும் மரியாதையாக மொழிபெயர்க்கிறீர்கள்,” என்றார் அந்தப் பெண் குருவானவர். “என் சபையிலும் சிலர் நான் நிற்கும் வரிசையை விட்டு, ஓய்வுபெற்ற கிழவர் நிற்கும் வரிசைக்கு மாறிப் போவார்கள். அவர்களும் மரியாதையாகத்தான் மாறுவார்கள்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். “நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?” என்றார்.

குருப்பட்டம் இல்லாதவர் கொடுக்க முடியாது என்பதால் திருவிருந்து இல்லாமலே ஆராதனை நடத்துவது, செயலாளர் பிரசங்கம் வாசிப்பது என்று முடிவானது. “ஐயரின்ரை பழைய பிரசங்கங்கள் இருக்குந்தானே, எடுத்துத் தாங்கோ,” என்று என்னிடம் கேட்டார். அந்தக் கடதாசிகளில் இருப்பது யாருடைய கையெழுத்து என்று அவருக்குத் தெரியும். பல வருஷமாகப் பார்த்திருக்கிறார். மனைவி படியெடுத்துக் கொடுக்கிறாள் என்று நினைத்தாரா, அல்லது தெரிந்துகொண்டே தெரியாதவர்போல் இருந்தாரா? நான் பழையதைக் கொடுக்கவில்லை. புதிதாக எழுதிக் கொடுத்தேன். நான்கு ஞாயிறுகள் அவர் அதை வங்கி அறிக்கை வாசிப்பதுபோல் வாசித்தார். நான் கீபோர்டின் பின்னால் இருந்து என் சொற்களைக் கேட்டேன். அப்படியிருந்தும் பின் வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்ததைக் கண்டேன்.

ஐந்தாம் ஞாயிறுக்கான வேத பகுதி, ஒரு பெண் மாவைப் பொங்கவைக்கப் புளிப்பைக் கலந்து வைத்த உவமை. அதை எழுத எனக்கு ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரம்கூட முழுதாகத் தேவைப்படவில்லை. பரலோக ராஜ்யத்தை ஒரு பெண்ணின் மணிக்கட்டு வேலைக்கு ஒப்பிட்டிருக்கிறது என்று எழுதினேன். அவள் கலந்த மாவின் அளவைப் பாருங்கள், அது ஒரு வீட்டுக்கான மா இல்லை, ஒரு ஊருக்கான மா. இந்த மண்டபத்தில் இருக்கிற பெண்களின் கைகளைப் பாருங்கள். விடியும் முன் பஸ் ஏறி, இறைச்சி வெட்டுகிற இடத்திலும் ஹோட்டல் அறைகளிலும் பேக்கரியிலும் நிற்கிற கைகள். இந்தக் கைகளை வெட்கத்துக்குரியவை என்று சொல்லுகிறவன் அந்த உவமையைச் சொன்னவரைத் திருத்தப் பார்க்கிறான். இப்படி மூன்று பக்கத்தில் முடித்திருந்தேன்.

செயலாளர் முதல் இரண்டு பக்கத்தை அப்படியே வாசித்தார். பிறகு ஒரு கணம் நிறுத்திக் கண்ணாடியைச் சரிசெய்தார். மூன்றாம் பக்கம் வேறு கடதாசி என்பதை நான் இருந்த இடத்திலிருந்தே கண்டேன். மஞ்சள் கோடு போட்ட கடதாசி.

“புளிப்பு மாவுக்குள் மறைஞ்சிருக்கிறது,” என்று வாசித்தார். “அதைப்போலப் பெண்ணின் மகிமையும் குடும்பத்துக்குள் மறைஞ்சிருக்க வேண்டும். இந்த நாட்டுக்கு வந்தபிறகு எங்கள் பெண்கள் வெளியில் தெரிய ஆசைப்படுகிறார்கள். வேலை, படிப்பு, வகுப்பு என்று போகிறார்கள். அதனால்தான் எங்கள் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள். ஊழியக்காரரின் வீடுகளே இதற்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும்.” வாசித்துவிட்டு நிமிர்ந்து கீபோர்டுப் பக்கம் பார்த்தார்.

நான் எழும்பினேன். திட்டம் போட்டு எழும்பவில்லை. கால்கள் தாமாக எழும்பின. என் குரல் பிரசங்கபீடத்தை நோக்கி அல்லாமல் சனத்தை நோக்கிப் போயிற்று.

“உந்தப் பகுதி நான் எழுதினதில்லை,” என்றேன்.

சனம் விளங்காமல் பார்த்தது.

“முதல் ரெண்டு பக்கம் நான் எழுதினது. போன நாலு கிழமையும் நான் எழுதினது. அதுக்கு முதலும் நான்தான் எழுதினனான். இந்தக் கடைசிப் பக்கம் மட்டும் அண்ணை எழுதினது. அதை என்ரை எழுத்தோடை சேர்க்க வேண்டாம்.”

முன் வரிசையில் காது மந்தமான ஒரு பெரியவர் பிரசங்கம் முடிந்துவிட்டது என்று நினைத்து, “ஆமென்,” என்றார். நான் என் கோட்டை எடுத்துக்கொண்டு நடுவழியால் நடந்து வெளியே போனேன். அன்றைக்குக் கடைசிப் பாட்டைக் கீபோர்ட் இல்லாமல் பாடினார்களாம். அது இரண்டு சுருதியில் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நான் வீட்டுக்கு வந்துசேரும் முன் செய்தி ஃபோனில் வந்துவிட்டது. என் கணவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். நெஞ்சைப் பிளந்து தைத்தவர்கள் இருமும்போது தையல் நோகாமல் அணைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஒரு தலையணை கொடுப்பார்கள். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

“நீர் என்னைச் சின்னப்படுத்திப்போட்டீர்,” என்றார்.

“உங்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை.”

“எழுதினது நீரெண்டு இப்ப எல்லாருக்கும் தெரியும்.”

“அது பொய்யோ?”

அவர் இருமினார். தலையணையை இறுக்கினார். “பொய் இல்லை. ஆனால் அதை அங்கை வைச்சுச் சொல்ல வேணுமோ? வீட்டிலை சொல்லியிருக்கலாம்.”

“வீட்டிலை உங்களுக்குத் தெரியுந்தானே. தெரியாத ஆக்களுக்குத்தானே சொல்ல வேணும்.”

நெஞ்சில் தையலோடு தலையணையைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு மனுசனோடு சத்தம் போட முடியாது. எனக்கு அதிலும் கோபம். சமையலறைக்குப் போய், அவருக்கு உப்பில்லாத கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை கமிற்றியின் ஐந்து பேரும் வந்தார்கள். நான் தேநீர் வைக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் என் வீட்டுக்கு வந்த சபைக்காரருக்குத் தேநீர் வைக்காதது அதுதான் முதல் தடவை. அவர்கள் அதைக் கவனித்தார்கள் என்பதை நானும் கவனித்தேன்.

செயலாளர் ஒரு கடிதத்தை நீட்டினார். மன்னிப்புக் கடிதம். என்னுடைய பெயரில் அவர்களே தட்டச்சுச் செய்து கொண்டுவந்திருந்தார்கள். ஆராதனையைக் குழப்பியதற்கும், ஐயரின் ஊழியத்துக்குக் களங்கம் உண்டாக்கும் விதமாகப் பேசியதற்கும் நான் மனம் வருந்துகிறேனாம். “கையெழுத்து மட்டும் வைச்சாக் காணும் அம்மா. இதோடை எல்லாத்தையும் மறந்துபோடுவம்,” என்றார்.

நான் வாசித்தேன். எழுதும் மேசையில் இருந்த சிவப்புப் பேனையை எடுத்தேன். முதல் வரியில் ஒரு ‘ழ’ ‘ள’வாக இருந்தது. திருத்தினேன். மூன்றாம் வரியில் ஒற்று இல்லை. போட்டேன். ‘களங்கம்’ என்பதில் மெல்லின ‘ங்’ விடுபட்டிருந்தது. அதையும் போட்டேன். கடைசி வசனத்துக்கு எழுவாயே இல்லை, பக்கத்தில் கேள்விக்குறி இட்டேன். கையெழுத்து வைக்கவில்லை. மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

“பிழையளைத் திருத்தியிருக்கிறன், அண்ணை. பொய்யளைத் திருத்த இதிலை இடம் காணாது.”

கதவருகில் நாற்காலியில் இருந்த என் கணவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு. சிரித்ததில் தையல் நொந்து, தலையணைக்கு மேல் குனிந்துகொண்டார். அவர்கள் போன பிறகு, சிரித்ததற்காகத் தன்மேலும் சிரிக்கவைத்ததற்காக என்மேலும் கோபித்துக்கொண்டு அன்று முழுவதும் முகம் கொடுக்கவில்லை.

பிறகு நான் அந்தத் தேவாலயத்துக்குப் பல மாதம் போகவில்லை. ஞாயிறு பள்ளிக்கூடம் மூன்று கிழமையில் நின்றுபோனது. ரோல்ஸ் கடையில் ஓடர் கொடுத்தார்கள். என் கணவர் சுகமாகித் திரும்பிப் போனதும் தன் பிரசங்கத்தைத் தானே எழுதினார். எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. சுருக்கமாக இருந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

ஒரு நாள் ஃபோன் வந்தது. இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒரு இளம் பெண்.

“அன்ரி, அண்டைக்கு அவர் வாசியாமல் விட்ட பக்கத்திலை என்ன இருந்தது?”

அதன் பிரதி என்னிடம் இருந்தது. வாசித்தேன். ஃபோனின் அந்தப் பக்கம் குழந்தை ஒன்று அழுதது, அவள் அதைத் தூக்கிக்கொண்டிருக்க வேண்டும். நான் முடித்த பிறகு, “அதை ஒருக்காத் தருவியளோ? நான் கொப்பி எடுத்துப்போட்டுத் தாறன்,” என்றாள். கொடுத்தேன். அது எத்தனை கைக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. சில கிழமை கழித்து ஒரு கலியாண வீட்டுக் கழிப்பறையில், கண்ணாடிக்கு முன்னால், செயலாளரின் மனைவி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“உங்கடை பேக்கரியிலை ஆள் எடுக்கினமோ?”

காருக்குள்ளிருந்து திருப்பிய முகத்தைப் பற்றிச் சொல்ல என் வாய்வரைக்கும் வந்தது. கண்ணாடியில் அவருடைய கண்களைக் கண்டேன். சொல்லவில்லை.

“எடுக்கினம். காலமை அஞ்சரைக்கு நிக்க வேணும்.”

“பிக்கரிங்கிலையிருந்து அந்த நேரம் பஸ் இல்லை,” என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். அவர் பிறகு வரவில்லை. அந்தப் பெரிய வீட்டுக்குள் அவருக்கு ஒரு பஸ்ஸும் வராது என்பதை நினைத்தபோது, அவர்மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனது. அது முழுவதையும் அவருடைய புருஷன் பக்கம் தள்ளிவிட்டேன்.

வகுப்பின் கடைசிக் கட்டுரையைக் குருமனைப் பெண்களைப் பற்றித்தான் எழுதினேன். அதில் உடுப்புத் தோய்க்கிறவளுக்கும் இடம் கொடுத்தேன். நாங்கள் வாசித்த எந்தக் கட்டுரையிலும் அவளுக்குப் பெயர் இல்லை, என் ஞாபகத்திலும் இல்லை என்று எழுதினேன். பேராசிரியர் நல்ல புள்ளி போட்டு, ஓரத்தில், ஆராய்ச்சி சிறப்பு, தொனி மட்டும் சற்றுக் கோபமாக இருக்கிறது என்று குறித்திருந்தார். நான் அதைத் திருத்தி எழுதவில்லை. இன்னும் சில பாடங்கள் முடித்து, ஒரு சமூக நிலையத்தில் புதிதாக வந்த பெண்களுக்கு உதவுகிற வேலை கிடைத்தது. பல வருஷம் இலவசமாகச் செய்த அதே வேலை. இப்போது அதற்கு ஒரு மேசையும் பதவிப் பெயரும் இருந்தன.

அதற்குள் என் கணவருக்குக் களைத்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை வேத பகுதியைச் சொல்லிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“ஒருக்காப் பாத்துத் தாரும். சொல்லு வருகுதில்லை.”

“எழுதினது நானெண்டு சபையிலை சொல்லுவியள் எண்டா எழுதித் தாறன்.”

அவர் வேதப் புத்தகத்தை மேசையில் வைத்தார். “சரி,” என்றார்.

அந்த ஞாயிறு நான் போனேன். பிரசங்கம் நன்றாக வந்தது. அவருடைய குரலில் இருந்த நிதானம் குறையவில்லை. முடிந்தது. ஜெபம் முடிந்தது. பாட்டு முடிந்தது. நான் காத்திருந்தேன். கடைசியில் அறிவித்தல்களை வாசித்தார். பக்கத்துக் கடையின் வளவில் காரை நிறுத்த வேண்டாம். போன கிழமை யாரோ விட்டுவிட்டுப் போன கறுப்புக் குடை அலுவலகத்தில் இருக்கிறது. இன்றைய பிரசங்கத்தை ஆயத்தப்படுத்த என் மனைவியும் உதவினார். இளைஞர் ஒன்றுகூடல் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில், ஒரே தொனியில் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

காரில் வரும்போது, “இப்ப சரியோ?” என்று கேட்டார். அவர் உண்மையாகவே தான் பெரிய காரியம் ஒன்றைச் செய்துவிட்டதாக நினைத்தார். அவருக்கு அது பெரிய காரியம்தான், எனக்கும் அது தெரியும்.

“உதவினது இல்லை, எழுதினது. அடுத்த கிழமை அறிவித்தலிலை வேண்டாம், பிரசங்கபீடத்திலை நிண்டு சொல்லுங்கோ,” என்றேன்.

அவர் சிக்னல் போட்டு எங்கள் வீதிக்குத் திரும்பினார். அடுத்த கிழமை பிரசங்கபீடத்தில் நின்றும் அதைச் சொல்லவில்லை. நான் அதற்குப் பிறகு அவருக்கு ஒரு வரியும் எழுதிக் கொடுக்கவில்லை.